பெற்றுக்கொண்டவர் கையெழுத்து

சிங்கப்பூருக்குப் பக்கத்து மாசாய் ஊரில் மரியநாதன் வீடு எது என்று கேட்டால், "வெள்ளைக்காரன் பாட்டனைத் தேடுறாரே, அவரு வீடா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டிக் காட்டுவார்கள். கேலிதான், ஆனால் பொய் இல்லை. அறுபது தாண்டிய அந்த மனிதர் செய்கிற வேலை அதுதான். அமெரிக்காவில் இருக்கும் யாரோ ஒருவருக்குத் தன் குடும்பத்தின் முதல் ஆள் எந்தக் கப்பலில் வந்து இறங்கினான், எந்த வழியாகப் போய் எங்கே குடியேறினான் என்று தெரிந்துகொள்ள ஆசை வரும். மரியநாதன் தன் வரிசை வீட்டின் முன்னறையில் கைலியோடு உட்கார்ந்து, கணினித் திரையில் பழைய கையெழுத்துகளைப் படித்து, அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். அமெரிக்கா தனி நாடாக ஆவதற்கு முன்னால், இங்கிலாந்து ராஜா ஆண்ட காலத்துச் சங்கதிகள்தான் அவருக்கு அத்துப்படி. அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. ஒருமுறை எல்லை தாண்டி ஹாட்யாய் வரைக்கும் போய், வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தவர்.

முன்பு அவர் பாசிர் கூடாங் துறைமுகத்தில், சரக்குகளை ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் கிளார்க்காக இருந்தார். ஒரு பெட்டி வெளியே போகவேண்டும் என்றால் மூன்று கையெழுத்து வேண்டும். அனுப்பியவர், கொண்டுபோனவர், பெற்றுக்கொண்டவர். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மரியநாதன் கேட்டைத் திறக்கச் சொல்லமாட்டார். லாரிக்காரர்கள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. கம்பெனியை மூடிய பிறகு, பழைய கையெழுத்துகளைப் பார்த்துக் கணினியில் அடிக்கும் வேலை ஒன்று இணையத்தில் கிடைத்தது. முப்பது வருடம் லாரிக்காரர்கள் கிறுக்கியதைப் படித்தவருக்கு வெள்ளைக்காரன் கிறுக்கல் எம்மாத்திரம். அதிலிருந்து ஆட்கள் நேராகவே அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

இந்த வேலைக்கும் அவர் அதே பழைய விதியைத்தான் வைத்திருந்தார். மனிதன் சும்மா ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைத்துவிட மாட்டான். யாராவது அனுப்பியிருப்பார்கள், யாராவது கூட்டிப் போயிருப்பார்கள், யாராவது வாங்கிக்கொண்டிருப்பார்கள். மூன்றும் தெரியாமல் அவர் ஒரு வழியை எழுதித் தரமாட்டார். முன்னறைச் சுவரில், ஃபோட்டோஸ்டாட் கடையில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய அமெரிக்க வரைபடம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறத்தில் கம்பளி நூல் பிடித்து, குண்டூசி குத்தி வைத்திருப்பார்.

"வர்றவங்க எல்லாம் இது என்ன சிங்கப்பூரு எம்ஆர்டி ரயிலு மேப்பான்னு கேக்குறாங்க," என்பார் மனைவி மலர். "மாதா படத்த கழட்டிட்டு இத மாட்டி வச்சிருக்கீங்க."

மாதா படத்தை அவர் கழட்டவில்லை. கொஞ்சம் தள்ளி மாட்டியிருந்தார், அவ்வளவுதான்.

அந்தச் சுவரில் எல்லாவற்றையும்விட நீளமான நூல் சிவப்பு நூல். அது எலினோர் விட்டேக்கர் என்ற அம்மாளுக்காகப் பிடித்தது. எலினோருக்கு எண்பதை நெருங்கிய வயது. இண்டியானா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே சாயங்காலம் ஆகும்போது இங்கே காலை. மரியநாதன் பசியாறி முடிக்கிற நேரத்துக்கு அவருடைய முகம் திரையில் வரும். சிறுவயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர் அவர். அம்மாவின் அண்ணன்தான் அவரை எடுத்து வளர்த்து ஆளாக்கினாராம். அந்த மாமாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எலினோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

அவர் தேடச் சொன்ன ஆளின் பெயர் ஆடம் பெல். எலினோருடைய பாட்டனுக்குப் பாட்டனுக்கும் மேலே போகிற ஆள். அவன் வளர்ந்த ஆளாக, தெற்கே கரோலினாவில் யாட்கின் ஆற்றோரம் விவசாயம் செய்தது குடும்பத்துக்குத் தெரியும். பிறந்தது வடக்கே பென்சில்வேனியாவில் என்பதும் தெரியும். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

மரியநாதன் தோண்டித் துருவிப் பாதியைக் கண்டுபிடித்தார். ஆடமுக்கு ஒன்பது வயதிருக்கும்போது காய்ச்சல் வந்து அப்பாவும் அம்மாவும் ஒரே குளிர்காலத்தில் போய்விட்டார்கள். பக்கத்து நிலம் தாய்மாமன் ஜேகப் ஹோலுடையது. அந்த மாமன் மறுவருடம் நிலத்தை விற்றுவிட்டு, குதிரை வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினான். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பேர் போன பெரிய வண்டிப்பாதை அது. சஸ்குவஹானா ஆற்றைப் படகில் தாண்டி, பொட்டோமாக்கைத் தாண்டி, ஷெனாண்டோவா பள்ளத்தாக்கின் வழியாக மலைகளுக்கு நடுவே இறங்கி, கடைசியில் யாட்கின் ஆற்றுக்கு வந்து சேரும். மாமன் அங்கே நிலம் வாங்கியிருக்கிறான். பல வருடம் கழித்து அவன் நிலத்திலிருந்து அரைநாள் நடை தூரத்தில் ஆடம் பெல்லும் நிலம் வாங்கியிருக்கிறான்.

அப்படியானால் பையனை ஏற்றிவந்தது யார், பெற்றுக்கொண்டது யார்? இந்த இடத்தில்தான் மரியநாதன் தன் வாழ்நாள் விதியை மீறினார்.

இந்தத் தொழிலில் பெற்றோர் இல்லாத பிள்ளை என்றால், முதலில் அந்த மாவட்டத்து அநாதைகள் நீதிமன்றத்தின் பதிவுகளைப் பார்த்துவிட வேண்டும். ஆளில்லாத பிள்ளையை யார் பொறுப்பில் விடுவது என்று அந்த நீதிமன்றம்தான் முடிவு செய்யும். அந்த நீதிமன்ற அட்டவணையில் ஒரு ஆடம் பெல் இருப்பதை மரியநாதன் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, பெல் என்பது ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற பெயர், இது வேறு யாராவதாக இருக்கும் என்று தாண்டிப் போனார். பக்கத்து நிலத்தில் தாய்மாமன் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை எதற்கு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும்? நம் ஆட்களில் மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துகிறோம். கிறிஸ்தவர்கள் ஆனபிறகும் அதை விடவில்லை. சடங்குக்கு மாமன், கல்யாணத்துக்கு மாமன். தங்கை செத்துப்போனால் அவள் பிள்ளை மாமன் வீட்டுக்குப் போகும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தார். வெள்ளைக்காரனுக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டார்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தார். பையன் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து வந்ததாகவும், ஆறு பெருகி ஓடிய இடத்தில் மாமன் இறங்கி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்ததாகவும் எழுதினார். அது எந்தப் பதிவிலும் இல்லை. எழுதும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால் உண்மை என்று நினைத்துக்கொண்டார்.

அதைப் படித்துவிட்டு எலினோர் தொலைபேசியில் அழுதே விட்டார். எங்கள் குடும்பத்தில் இது பழைய வழக்கம் போலிருக்கிறது, என் மாமா வானத்திலிருந்து குதிக்கவில்லை என்றார். உடனே ஒரு பெரிய திட்டம் போட்டார். இலையுதிர்காலத்தில் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லோரும் கார்களில் அந்தப் பாதை முழுவதும் போகப்போகிறார்கள். கடைசியில் யாட்கின் அருகே இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் நடப்போகிறார்கள். தங்கையின் பிள்ளையைக் கைவிடாத ஜேகப் ஹோலுக்கு என்று அதில் வெட்டப்போகிறார்கள்.

மரியநாதன் இதைக் கோயிலில் பூசை முடிந்து எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். மலர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரிய, மரியநாதனின் தங்கையைப் பற்றித் தெரியவேண்டும்.

தங்கை ஸ்டெல்லா, கோலாலம்பூர் போகும் வழியில் இருக்கும் ஆயர் ஈத்தாமில் இருந்தாள். கணவன் லாரி விபத்தில் போனபின், காதர் பீவி என்ற அம்மாள் நடத்திய சாப்பாட்டுக்கடையில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்துகொண்டு, கடைக்கு மேலே ஓர் அறையில் மகளோடு குடியிருந்தாள். பிறகு அவளையும் புற்றுநோய் கொண்டுபோயிற்று. மகள் ஷர்மைனுக்கு அப்போது பத்து வயது. அடக்கம் முடிந்து எல்லோரும் கடை வாசலில் நின்றபோது மரியநாதன் அந்தப் பிள்ளையின் தலையில் கையை வைத்தார்.

"ஸ்கூல் லீவு வரட்டும்மா. மாமா வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அதுவரைக்கும் இங்கன இருக்கட்டும் தம்பி," என்றார் காதர் பீவி. "ஒண்ணும் அவசரம் இல்ல."

லீவு வந்தது. மரியநாதன் போகவில்லை. அடுத்த லீவுக்கும் போகவில்லை. பையன்கள் இரண்டு பேரும் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். வீட்டில் இரண்டே அறை. கம்பெனியில் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஆனால் அவற்றில் ஒன்றாவது ஒரு பிள்ளையை விட்டுவிடும் அளவுக்குப் பெரிய காரணம் இல்லை. அது அவருக்கே தெரியும், அதனால்தான் மூன்று காரணம் வைத்திருந்தார். சொந்தக்காரர்கள் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மலருக்கு ஒத்து வராது, என்னா செய்யறது," என்பார். அது மட்டும் முழுப் பொய்.

மலர் அடக்கம் நடந்த அதே வாரத்தில் பாசிர் கூடாங் போய், ஷர்மைனுக்கென்று ஓர் ஒற்றை மெத்தை வாங்கி வந்திருந்தார். அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. கணவர் தன் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது எப்படியோ அவர் காதுக்கும் வந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெத்தையையும் எடுத்து யாருக்கும் கொடுக்கவில்லை.

பிள்ளையைக் காதர் பீவியே வளர்த்தார். அம்மா வைத்த பெயர், அம்மா கும்பிட்ட சாமி, இரண்டையும் மாற்றக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை மகன் இர்ஃபானிடம் விட்டுவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான குளுவாங்கில் இருக்கும் மாதா கோயிலுக்கு அவளைக் கூட்டிப் போவார். பூசை முடியும்வரை வெளியே வேனிலேயே உட்கார்ந்திருப்பார். ஷர்மைன் படித்துத் தாதியானாள். மரியநாதனின் மூத்த மகன் கல்யாணத்துக்குக் காதர் பீவியோடு வந்து, கடைசி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மொய்ப்பணம் வைத்த அங்பாக் கவரைக் கொடுத்துவிட்டுப் போனாள். குடும்பப் படம் எடுக்கும்போது யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டியவர் மாப்பிள்ளையின் அப்பா. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் "மாமா" என்று ஆரம்பித்து வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவாள். அவர் யாரோ அனுப்பிய ஆட்டுக்குட்டிப் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவார்.

அவருக்குக் குற்ற உணர்ச்சியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இருந்தது, வண்டி வண்டியாக இருந்தது. கோலாலம்பூருக்குப் போகும்போது ஆயர் ஈத்தாம் பலகை தூரத்தில் தெரிந்தால் போதும், ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு அரசியல் பேச ஆரம்பித்துவிடுவார். மலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த உணர்ச்சி அவரை நன்றாகத் தின்றது. ஆனால் இருந்த இடத்தைவிட்டு எழுப்பவில்லை. குற்ற உணர்ச்சியே ஒரு பிராயச்சித்தம் என்று எண்ணி வாழ்கிறவர்கள் உண்டு, அவரும் அந்த ரகம்தான்.

அப்படிப்பட்டவர்தான் ஜேகப் ஹோலின் தோளில் பையனைத் தூக்கி வைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, வேறொரு குடும்பத்துக்காக அதே மாவட்டத்து அநாதைகள் நீதிமன்றப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஆடம் பெல் அவர் கண்ணில் பட்டான். இந்த முறை தாண்டிப் போக முடியவில்லை. பக்கத்திலேயே ஜேகப் ஹோல் என்ற பெயரும் இருந்தது. எழுத்தர் நாலே வரியில் முடித்திருந்தார். தாயும் தகப்பனும் இல்லாத பையன். தாய்மாமன் ஜேகப் ஹோல் நேரில் வந்து, தான் குடும்பத்தோடு கரோலினாவுக்குப் போவதால் பையனைக் கூட்டிப் போக முடியாது என்று சொன்னார். ஆகவே பையனைத் தோல் பதனிடும் ஹென்றி வைஸ் என்பவரிடம், இருபத்தொரு வயது ஆகும்வரை வேலைக்கும் பராமரிப்புக்குமாக ஒப்படைக்கிறோம்.

மரியநாதன் அதைப் படித்தார், மறுபடியும் படித்தார். வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று மாமன் பையனிடம் சொல்லியிருப்பான். தலையில் கைவைத்துச் சொல்லியிருப்பான். அப்படிச் சொல்லாமல் எந்த மாமனும் பிள்ளையை விட்டுப் போகமாட்டான். எழுத்தர் அதையெல்லாம் எழுதமாட்டார், ஆனால் மரியநாதனுக்கு யாரும் எழுதிக் காட்டத் தேவையில்லை.

அப்புறம் கணக்கு தானாகவே விழுந்தது. ஆடம் கரோலினாவில் முதன்முதலாகத் தலைகாட்டியது இருபத்தொரு வயது முடிந்த பிறகு. மாமன் வண்டியில் போன அதே பாதையில், பன்னிரண்டு வருடம் கழித்து, அவன் தனியாகப் போயிருக்கிறான். போய் மாமனுக்கு அரைநாள் தூரத்தில் நிலம் வாங்கியிருக்கிறான். பக்கத்திலும் போகவில்லை, விட்டுவிட்டும் போகவில்லை. இரண்டு பேரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதாக ஓர் அடையாளமும் இல்லை.

முதலில் அவருக்குத் தோன்றியது திரையை மூடிவிட வேண்டும் என்பதுதான். இந்தப் பக்கத்தைத் தேடி யார் வரப்போகிறார்கள்? அடுத்த வாரம் கல்லை வெட்டப்போகிறார்கள். கார் வாடகை பேசியாகிவிட்டது, ஓட்டல் எடுத்தாகிவிட்டது. வழி சரியான வழிதான், ஆளும் சரியான ஆள்தான், மாமன் விஷயம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு வயதான அம்மாளின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார். இதுவும் உண்மையான காரணங்கள்தான். எண்ணிப் பார்த்தால் இங்கேயும் மூன்று நான்கு இருந்தன.

மலர் தேநீரோடு வந்தபோது அவர் சுவரிலிருந்து சிவப்பு நூலை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னாங்க, நூல கழட்டிட்டீங்க?"

"தப்பா எழுதிட்டேன் மலர்."

"அந்தப் பையன் வேற ரோட்டுல போனானா?"

"ரோடு அதே ரோடுதான். மாமன்கூடப் போகல. மாமன் அவன விட்டுட்டுப் போயிட்டான். தோலு பதப்படுத்துற ஆளு ஒருத்தருதான் வளத்திருக்காரு. பெரியவனானப்புறம் இவன் தனியாப் போயிருக்கான்."

மலர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"எப்படிச் சொல்றது? கல்லு வெட்டப்போறாங்க. வயசானவங்க, ஒடஞ்சி போயிருவாங்க."

"அவங்களுக்காகத்தான் சொல்லாம இருக்கீங்களா?"

மரியநாதன் நூலைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். மலர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை. காய்கறி விலையைப் பற்றிப் பேசுகிற குரலிலேயே சொன்னார்.

"அப்ப எம்பேரச் சொல்லித் தப்பிச்சிட்டீங்க. இப்ப அந்தம்மா பேரச் சொல்லாதீங்க."

இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது. மரியநாதனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மனைவிக்குத் தெரியும் என்று அவருக்கு எப்போதுமே தெரியும். தெரிந்தும் அவள் கேட்கமாட்டாள் என்கிற தைரியத்தில்தான் அத்தனை வருடம் காலம் தள்ளியிருந்தார். வெட்கத்தில் தேநீரைக் குடிக்கவும் முடியவில்லை, நகர்த்தி வைக்கவும் முடியவில்லை.

மறுநாள் காலை அவரே எலினோரை அழைத்தார். திரையில் அந்த அம்மாளுடைய சமையலறை தெரிந்தது. பின்னால் குளிர்பெட்டியில் பேரப்பிள்ளைகளின் படங்கள் ஒட்டியிருந்தன. பயணத்துக்கு வாங்கிய தொப்பியைக் காட்டப் போனவரை நிறுத்தி, மரியநாதன் விஷயத்தைச் சொன்னார். பதிவு இருக்கிறது, அதை நான் ஆரம்பத்திலேயே பார்த்திருக்க வேண்டும், அட்டவணையில் பெயரைப் பார்த்தும் திறக்கவில்லை என்றார்.

எலினோர் தொப்பியைக் கீழே வைத்தார். "ஆற்றில் தோளில் தூக்கிக்கொண்டு போனார் என்று எழுதியிருந்தீர்களே?"

"அது நான் எழுதியது மேடம். எங்கேயும் இல்லை."

"அதை என் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். ஏன் அப்படி எழுதினீர்கள்?"

இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். தொழில் முறைக்கு அது போதும். மரியநாதன், "எனக்கு ஒரு தங்கை மகள் இருக்கிறாள்," என்று ஆரம்பித்தார். ஸ்டெல்லாவைச் சொன்னார், கடை வாசலைச் சொன்னார், லீவு வரட்டும் என்று சொன்னதைச் சொன்னார். மெத்தையையும் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னதால் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கவேண்டாம். சுற்றி வளைத்து ஒளிந்துகொள்ள அவருக்கு ஆங்கிலத்தில் அத்தனை வார்த்தைகள் இல்லை. போகவில்லை என்பதைப் போகவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. மனைவி சரி என்றாள், நான்தான் போகவில்லை என்று அவர் வாய்திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

எலினோருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். உன் மனசுக்கு ஆறுதலாக இருக்க என் குடும்பத்துக் கதையைத் திருத்திவிட்டாய் என்றார். மரியநாதன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அந்த அம்மாள் வேறு குரலில் கேட்டார்.

"அப்படியானால் அந்தப் பையனுக்குச் சோறு போட்டது யார்?"

"தோல் பதனிடுகிறவர். ஹென்றி வைஸ்."

"நல்லவரா?"

"தெரியாது மேடம். நல்லவர் கெட்டவர் என்று நீதிமன்றத்தில் எழுதமாட்டார்கள்." மரியநாதன் பக்கத்திலிருந்த குடும்ப வரிசைத் தாளைப் பார்த்தார். "ஆனால் ஆடம் தன் மூத்த பையனுக்கு ஹென்றி என்று பெயர் வைத்திருக்கிறார். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அதற்கு முன் ஒரு ஹென்றிகூட இல்லை."

எலினோர் வாயில் கையை வைத்துக்கொண்டார். அவருடைய பாட்டன் பெயர் ஹென்றி. தம்பி பெயர் ஹென்றி. குளிர்பெட்டிப் படத்தில் முன்பல் விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும் பேரன் பெயரும் அதுதான். தலைமுறைக்கு ஒரு ஹென்றி வைப்பது குடும்ப வழக்கம், ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது என்று முன்பே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"கல்வெட்டுகிறவனை நாளைக்குக் கூப்பிடுகிறேன்," என்றார் கடைசியில். "ஹென்றி வைஸ் பெயரைப் போடச் சொல்கிறேன். ஜேகப் ஹோலை எடுத்துவிடவா?"

மரியநாதனுக்கு அது தன் பெயரையே எடுத்துவிடவா என்று கேட்கிற மாதிரி இருந்தது. "எடுத்துவிடுங்கள்," என்றார்.

"உங்கள் தங்கை மகளுக்குச் சோறு போட்டாரே, அந்த அம்மாள் உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"தூரமா?"

சுவரில், பென்சில்வேனியாவிலிருந்து கரோலினா வரைக்கும் குண்டூசிகள் மட்டும் வரிசையாக நின்றன. மரியநாதன் அவற்றைப் பார்த்துக்கொண்டே, "ஒரு மணி நேரம்," என்றார். எலினோர் குட்நைட் என்று சொல்லிவிட்டுத் திரையை மூடினார்.

மரியநாதன் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மலர் பூசைக்குக் கிளம்பி நின்றார்.

"ஆயர் ஈத்தாமுக்குப் போறேன். நீயும் வர்றியா?"

"மொத தடவ நீங்க மட்டும் போயிட்டு வாங்க," என்றார் மலர். "நான் கூட வந்தா என்னயப் பேசவிட்டுட்டு நீங்க நின்னுட்டு இருப்பீங்க."

அது சத்தியமான வார்த்தை என்பதால் அவர் மறுத்துப் பேசவில்லை. நெடுஞ்சாலையில் ஏறினார். ரேடியோவைப் போடவில்லை. ஆயர் ஈத்தாம் பலகை வந்தது. இடதுபக்கம் ஒதுங்கி, கட்டணச் சாவடியைத் தாண்டி இறங்கினார். பானை சட்டிக் கடைகள் வரிசையாக இருந்தன. வாசலில் அடுக்கிய பூச்சாடிகளுக்கு நடுவே சிங்கப்பூர் கார்கள் நின்றிருந்தன. பழைய கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை இருந்தது. விசாரித்தால் புது ரோட்டுப் பக்கம் போகச் சொன்னார்கள்.

புதுக் கடை பெரிதாக இருந்தது. கல்லாவில் காதர் பீவி உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்துச் சிறுத்திருந்தார், பார்வை மட்டும் அப்படியே இருந்தது. வாசலில் நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க தம்பி. உக்காருங்க," என்றார், ஏதோ போன வாரம் வந்துவிட்டுப் போன ஆளிடம் சொல்வதுபோல.

மரியநாதன் உட்காரவில்லை. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் கலைந்துபோயின. "அம்மா, நான் வர்றேன்னு சொன்னேன்," என்றார். "வரல. உங்களுக்கு ஒரு வார்த்தகூடச் சொல்லல. எம்மேலதான் தப்பு. எம்பொண்டாட்டி மேல இல்ல, எம்மேலதான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காதர் பீவி சில்லறையை மேசை அறைக்குள் தள்ளி மூடினார்.

"கொஞ்ச நாளைக்குப் புள்ள வாசல்லயே நிக்கும்," என்றார். "லீவு விட்டா பைய எடுத்து வச்சிக்கிட்டு நிக்கும். நாந்தான் உள்ள கூட்டியாந்து சோறு குடுப்பேன். அப்புறம் நிக்கிறது இல்ல." குரலில் கோபம் இல்லை. ஒன்றையும் மறைக்கவும் இல்லை. "அதுகிட்டச் சொல்லுங்க தம்பி. எங்கிட்ட என்ன இருக்கு."

மரியநாதன் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பை எந்த நிறம் என்று அவருக்கு நினைவு இருந்தது. அவர்தான் வாங்கிக் கொடுத்திருந்தார்.

உள்ளேயிருந்து ஷர்மைன் வந்தாள். கோயிலுக்குப் போய்வந்த உடுப்பிலேயே இருந்தாள். நெற்றியும் மூக்கும் ஸ்டெல்லாவுடையது. அவரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பிப்போய் ஒரு கோப்பை தே தாரிக் தேநீர் வாங்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்து, எதிரே உட்கார்ந்தாள். முகத்தில் கேலி இல்லை, குத்தலும் இல்லை. தூரத்திலிருந்து வந்தவரிடம் யாரும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"கடைய மாத்திட்டோம் மாமா. வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

மரியநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இல்லம்மா," என்றார். "நேர் ரோடுதான்."